சாக்கின் கீழ் நல்லெண்ணெய்

1.

பிறேக் தோலில் நல்லெண்ணெய் பூசியது நான்தான். இந்தக் கதை அதிலிருந்துதான் தொடங்குகிறது.

கதை எழுதுகிறவர்கள் முதலில் ஒரு விடியற்காலையை எழுதுவார்கள், அல்லது ஒரு மரத்தை. நானும் அப்படித்தான் முயன்றேன். “எங்கள் கொழும்புத்துறைக் கடலில் இருந்து உப்புக் காற்று வந்து” என்று எழுதி அடித்தேன். “சோமசேகரம் முதலாளியின் புது மெசின்” என்று எழுதி அடித்தேன். சோமசேகரம் முதலாளி என் ஐயா, என்னைப் பெற்றவர். அவரை முதலாளி என்று எழுதக் கை வரவில்லை. “விடிந்தால் மெசின் ஓடும், அதற்கு முதல் யாராவது” என்று எழுதினேன். அதை அடிக்கவில்லை. முடிக்கவும் முடியவில்லை.

ஆகவே பூசியது நான்தான் என்பதையே முதலில் வைத்துவிட்டேன். ஏன் பூசினாய் என்று கேட்பீர்கள். அண்ணைக்கு நல்லது நடக்க வேண்டும் என்று. அவர் நிற்கப் போகிற இடத்தில் ஒருவரும் எண்ணெய் வைக்கவில்லை என்று. போதுமா?

என் பெயர் குணலட்சுமி. வயது பதினாறு. வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டார்கள். விளக்குத் திரியை இறக்கி வைத்து எழுதுகிறேன். பயமாக இருக்கிறது. பயத்தில் எழுதினால் வசனம் நீளாது போலிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் வரியை மட்டும் ஞாபகத்தில் வைத்திருங்கள். பிறகு அதைப் பற்றி உங்களிடம் ஒன்று கேட்பேன்.

2.

மெசினைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல ஏலாது.

ஐயா இரும்புச் சாமான் வியாபாரி. பீப்பாய்க்குப் பூட்டும் வளையத்துக்கும், சரக்குப் பெட்டிகளைக் கட்டுவதற்கும் மெல்லிய இரும்புப் பட்டி வேண்டும். இவ்வளவு காலமும் வெட்டிய பட்டியைக் கொழும்பில் இருந்து எடுப்பித்து விற்றார். இந்த வருடம், முப்பத்தெட்டில், பட்டி வெட்டும் மெசினையே எடுப்பித்துவிட்டார். கொழும்பில் யாரோ ஓட்டிக் கழித்த மெசின். வளவின் பின்பக்கத்தில் தகரக் கொட்டில் போட்டு அதற்குள் பூட்டியிருக்கிறது.

மெசின் என்கிறேன், ஆனால் அது மூன்று துண்டு. முதலில் ஒரு பெரிய உருளை. அதில் அகலமான இரும்புத் தகடு, பாய் சுருட்டின மாதிரிச் சுருண்டிருக்கும். நடுவில் வட்டக் கத்திகள். தகடு அவற்றுக்குள் புகுந்து பட்டி பட்டியாகக் கிழிபடும். கடைசியில் இன்னொரு உருளை, கிழிந்த பட்டிகளை இழுத்துச் சுற்றிக்கொள்ளும். கத்திகளையும் கடைசி உருளையையும் எண்ணெய் எஞ்சின் ஒன்று பெல்ட் போட்டுச் சுழற்றும். முதல் உருளையை எஞ்சின் தொடுவதில்லை. தகடு இழுபட இழுபட அது தானே சுற்றும். அதற்கு இருப்பது ஒரு பிறேக் மட்டும்: ஒரு சக்கரம், அதைச் சுற்றி உட்பக்கம் தோல் பதித்த இரும்பு வளையம், இறுக்குவதற்கு நீளமான ஒரு பிடி.

அந்தப் பிடியில் நிற்கப் போவது என் அண்ணை பஞ்சலிங்கம்.

(இந்தப் பந்தி அலுப்பாக இருக்கும் என்று தெரியும். எடுத்துவிட நினைத்தேன். எடுத்தால் பின்னால் ஏன் பயப்படுகிறேன் என்று உங்களுக்கு விளங்காது.)

மெசினைப் பூட்டித் தந்தவர் நீக்கிலாப்பிள்ளை. கொழும்பில் எஞ்சின் வேலை செய்தவர், கரையில்தான் வீடு, வேதக்காரர், கிறிஸ்தவர்.* போன கிழமை அவர் ஒரு சின்னச் சுருளைப் போட்டு அண்ணைக்கு ஓட்டிக் காட்டினார். நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொட்டில் வாசலில் நின்றேன்.

“இழுக்கிறதுக்கு எஞ்சின் காணும் தம்பி. மாடும்தான் இழுக்குது. பிடிக்கிறவன்தான் மெசினை ஓட்டுறவன்” என்றார். “நீ அளவா இறுக்கி அளவா விட்டியெண்டால் தகடு வீணைத் தந்தி மாதிரி நிக்கும்.”

“விட்டிட்டால்?” என்றார் அண்ணை.

“விட்டுக் காட்டட்டோ?”

ஒரு வாழைக்குற்றியைத் தூக்கிவந்து பிறேக் பிடிக்குப் பக்கத்தில், ஆள் நிற்கிற இடத்தில் நட்டார். தன் தலைப்பாகையை அவிழ்த்து அதற்குக் கட்டிவிட்டார். “இவர்தான் மிஸ்டர் பஞ்சலிங்கம். வணக்கம் சொல்லு தங்கச்சி.”

பிறகு எஞ்சின் பெல்ட்டைச் சும்மா சுற்றுகிற சக்கரத்துக்குத் தள்ளினார். கத்திகள் நின்றன. பிறேக்கை வேண்டுமென்றே விட்டார். சுருள் நிற்கவில்லை. தன் பாரத்தில் தானே சுற்றித் தகட்டை வெளியே தள்ளியது. தகடு வயிறு மாதிரி வீங்கி எழும்பி, பக்கத்தில் சரிந்து வாழைக்குற்றியில் விழுந்தது. பெரிய சத்தம் இல்லை. குற்றி பாதிக்கு மேல் அறுந்து தண்ணீர் வடிந்தது.

அண்ணை சிரித்தார். “அப்ப நான் வாழைக்குற்றியோ நீக்கிலா அண்ணை?”

“வாழைக்குற்றிக்குப் பிறேக் பிடிக்கத் தெரியாது. உனக்குப் பழக்கிப்போட்டன். ஆனால் இது சின்னச் சுருள், நாம்பன் கண்டு. திறப்புவிழா அண்டைக்குப் போடுறது முழுச் சுருள். அது எருமைக்கடா. இழுத்தால் நடக்கும், நில் எண்டால் நிக்காது.” பிறகு என் பக்கம் திரும்பினார். “தங்கச்சி, உந்த மெசினிலை எல்லா இடமும் எண்ணெய் கேக்கும். ஒரு இடம் மாத்திரம் ஒரு சொட்டும் குடிக்கக் கூடாது. எது?”

“பிறேக்கின்ரை தோல்” என்றேன்.

“ஏன்?”

“வழுக்கும்.”

“பாத்தியே தம்பி! தேத்தண்ணி கொண்டு வந்ததுக்குத் தெரியுது!”

(இந்தக் கேள்வி பதிலை எழுதும்போது கை நின்றுவிட்டது. எழுதாமல் விட்டிருந்தால் என் முதல் வரி இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கும். ஆனால் நடந்தது நடந்ததுதானே.)

* நீக்கிலாப்பிள்ளைக்கு எஞ்சின் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. எதையும் கத்தித்தான் சொல்வார். குசுகுசுத்தால் அவருக்குக் கேட்காது. அவருக்குக் குசுகுசுக்கவும் தெரியாது. இது பின்னால் தேவைப்படும்.

3.

கோயில்களில் கும்பாபிசேகத்துக்கு முதல் எண்ணெய்க் காப்பு என்று ஒன்று நடக்கும். சனங்கள் வரிசையில் நின்று, அறுகம்புல்லால் எண்ணெய் தொட்டுச் சாமிக்குத் தங்கள் கையாலேயே வைப்பார்கள். மற்ற நாட்களில் கிட்டப் போக முடியாத சாமியை அன்று தொடலாம்.

மெசினுக்கும் எண்ணெய்க் காப்பு வைக்க வேண்டும் என்றது ஐயாவின் யோசனை.

ஐயர் திகைத்துவிட்டார். “மெசினுக்கோ சோமசேகரம்?”

“சோறு போடப் போறது அதுதானே. சனம் எல்லாரும் ஒருக்காத் தொட்டு வாழ்த்தட்டுமன்.”

நீக்கிலாப்பிள்ளைக்கு மறுப்பு இல்லை. “நல்ல காரியம் முதலாளி. எனக்கு எண்ணெய்ச் செலவு மிச்சம்” என்று வீதிக்குக் கேட்கச் சொன்னார். ஆனால் நேற்றே ஒரு சாக்கை எடுத்துப் பிறேக்கைச் சுற்றி மூடி, கயிறு போட்டு, கரைக்காரர் தோணிக்குப் போடுகிற முடிச்சுப் போட்டார். “இதை ஒருத்தரும் தொடப்படாது. கடவுளே வந்து கேட்டாலும் அவிழ்க்காதையுங்கோ.” பூசை நேரம் தான் உள்ளே நின்றால் சரியில்லை என்று அவரே வெளியே போய் வேலியடியில் சுருட்டுப் பற்றினார்.

இன்று காலை அயல் முழுக்க வந்தது. சில்லுக்கு வைத்தார்கள், கத்திக்கு வைத்தார்கள், எஞ்சினின் புகைக்குழாய்க்குக்கூட வைத்தார்கள். பெல்ட்டிலும் வைத்திருப்பார்கள், ஐயா அந்தப் பக்கம் நின்று தடுத்துக்கொண்டிருந்தார்.

சிவக்கொழுந்து மாமியும் ஒரு கிண்ணத்தில் எண்ணெய் எடுத்துக்கொண்டு குசினியில் இருந்து இறங்கினார்.

மாமியைப் பற்றி எழுத வேண்டும். ஐயாவின் தங்கை. நான் பிறந்து அம்மா நோயாகக் கிடந்தபோது அண்ணையை இடுப்பில் வைத்துத் திரிந்தவர் மாமிதான், அப்போது அவரே சின்னப்பெண். கலியாணம் செய்து போனார். மாமா காய்ச்சலில் மோசம் போக, திரும்பி வந்தார். அதிலிருந்து எங்கள் வீட்டில் வெள்ளைச் சீலையோடு இருக்கிறார். பிள்ளை இல்லை. அண்ணையை இப்போதும் “என்ரை பிள்ளை” என்றுதான் சொல்வார்.

அயல்வீட்டு நல்லம்மாக்கா வழியில் நின்றார். “சிவக்கொழுந்து, நீ குசினிக்கை நிண்டு கொள் பிள்ளை. குறை நினையாதை. புது மெசின். முதல் காரியம்.”

மாமி அம்மாவைப் பார்த்தார். அம்மா கிட்ட வந்தார். மாமியின் கையில் இருந்த கிண்ணத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்.

நல்லம்மாக்கா பின்னால் யாருக்கோ சொன்னார்: “ராசியில்லாததுகள் நிக்கக் கூடாத இடம்.” மெதுவாகத்தான் சொன்னார். மெதுவாகச் சொல்வதெல்லாம் எனக்குக் கேட்கும்.

4.

முதல் வரி பொய்.

எண்ணெய் பூசியது மாமி. என்னை மன்னியுங்கள். உங்களுக்குச் சொல்லிப் பார்த்தேன். நீங்கள் நம்பினீர்களா என்று எனக்குத் தெரிய வேண்டும். அதுதான் நான் கேட்க இருந்த கேள்வி. நீங்கள் நம்பினால் ஐயாவும் நம்பக்கூடும்.

நடந்தது இது. காப்பு முடிந்து சனங்கள் பந்தியில் இருந்த நேரம். கிண்ணங்களைப் பொறுக்கி வரச்சொல்லி அம்மா என்னைக் கொட்டிலுக்கு அனுப்பினார். முதல் உருளைக்குப் பக்கத்தில் மாமி குந்தியிருந்தார். சாக்கு நிலத்தில் கிடந்தது.

“மாமி?”

“சத்தம் போடாதை பிள்ளை.”

“என்ன செய்யிறியள்?”

“எல்லா இடமும் வைச்சிருக்கினம் பார். புகைக்குழாய்க்கும் வைச்சிருக்கினம். அவன் நிக்கிற இடத்தை மாத்திரம் சாக்குப் போட்டு மூடிப்போட்டு விட்டிட்டினம். ஒருத்தரும் ஒரு சொட்டு வைக்கேல்லை. என்ரை பிள்ளை நிக்கிற இடம்.”

சனங்கள் விட்டுப்போன கிண்ணம் ஒன்று அவர் கையில் வெறுமையாக இருந்தது. தோல் கறுத்து மினுங்கியது. போன கிழமை எஞ்சின் சத்தத்துக்குள் நீக்கிலாப்பிள்ளை தோலைப் பற்றிச் சொன்னபோது மாமி குசினியில் நின்றார். அவரை எப்போதும் அங்கேதான் நிற்க வைக்கிறோம்.

“என்ரை கை பட்டதெண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை குணம். உன்ரை அண்ணைக்கும் சொல்லாதை. தெரிஞ்சால் நான் இந்த வீட்டிலை இருக்கேலாது.”

“ஓம் மாமி. சொல்லமாட்டன்.”

அந்த இடத்திலேயே, “மாமி, அது தோல், எண்ணெய் பட்டால் வழுக்கும்” என்று சொல்லியிருக்கலாம்தானே என்று கேட்பீர்கள். வாய்வரை வந்தது. சொன்னால் மாமி எதைக் கேட்பார்? வழுக்கியது எண்ணெய் என்று கேட்கமாட்டார். தன் கை என்றுதான் கேட்பார். நல்லம்மாக்கா சொன்னது சரி என்று சாகும்வரைக்கும் நினைத்துக்கொண்டிருப்பார்.

மாமி சாக்கைத் திருப்பிக் கட்டிவிட்டுப் போனபின் அதை அவிழ்த்தேன். துணியால் ஒற்றினேன். அடுப்புச் சாம்பல் கொண்டுவந்து போட்டுத் தேய்த்தேன். நகத்தால் சுரண்டினேன். தோல் குடித்துவிட்டது. ஐயா பந்தியில் இருந்து கூப்பிடும் சத்தம் கேட்டது. அவசரமாக மூடிக் கட்டினேன். ஐயா வந்து கொட்டிலைப் பூட்டித் திறப்பை மடியில் செருகிக்கொண்டார். இனி நாளைக் காலை, நல்ல நேரத்துக்குத்தான் திறப்பார். சனம் வாசலில் நிற்கும். அண்ணை சாக்கை இழுத்து எறிந்துவிட்டுப் பிடியைப் பிடிப்பார். முழுச் சுருள்.

5.

ஆகவே இது கதை எழுதும் கதை இல்லை. நாளைக்குச் சொல்ல ஒரு கதை தேடுகிறேன். மெசின் நிற்க வேண்டும், தோல் மாற்ற வேண்டும், மாமியின் பெயர் வரக்கூடாது. இந்த மூன்றையும் ஒரே கதையில் வைக்க வேண்டும்.

முதலில் எலியைப் போட்டேன். “எலி விளக்கைத் தட்டி எண்ணெயை” என்று எழுதினேன். எலி சாக்கை அவிழ்த்துத் திருப்பிக் கட்டுமா? அடித்தேன்.

பக்கத்து வீட்டுச் சின்னன்களில் ஒன்றைப் போட்டேன். அதற்கு அடி விழும். அடித்தேன்.

நீக்கிலாப்பிள்ளையே எண்ணெய்க் கையோடு தொட்டார் என்று— இல்லை. எழுதவே கூசுகிறது.

அண்ணையிடம் மட்டும் போய்ச் சொன்னால்? அண்ணையை எனக்குத் தெரியும். மாமிக்காக வாயை மூடிக்கொண்டு, “நான் பாத்துப் பிடிப்பன், நீ போய்ப் படு” என்று சொல்லி, அந்தப் பிறேக்கையே பிடிப்பார். அவருக்குச் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் ஒன்று.

மிச்சம் ஒரு பாத்திரம்தான். குணலட்சுமி.

இந்தக் குணலட்சுமியைத்தான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. முடிச்சு அவளுக்குப் பொருந்தும். மாமி, அரிசிமாச் சாக்குக் கட்டுகிற மாதிரி இரண்டு சுருக்குப் போட்டு நுனியை உள்ளே செருகிக் கட்டினார். எனக்கு முடிச்சுப் பழக்கியது மாமிதான். நான் திரும்பக் கட்டியதும் அதே முடிச்சு. இப்போது சாக்கில் இருப்பது உண்மையாகவே என் முடிச்சு. என் துணியில் எண்ணெய் இருக்கிறது. நகத்தில் சாம்பல் இருக்கிறது. இவ்வளவும் பொருந்துகிறது.

பொருந்தாதது ஒன்று. தோலில் எண்ணெய் படக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று நீக்கிலாப்பிள்ளைக்குத் தெரியும்.

இன்னுமொன்று. அதை எழுதாமல் மறைக்கப் பார்த்தேன். நல்ல நேரம் தவறிவிடும். வந்த சனம் திரும்பிப் போகும். போகும்போது ‘ராசியில்லாதது’ என்ற சொல்லைக் கொண்டுபோகும். அந்தச் சொல்லை இதுவரைக்கும் மாமிக்கு மட்டும்தான் வைத்திருந்தார்கள். ஒரு பெண்பிள்ளைக்கு அது ஒருமுறை ஒட்டினால் கலியாணம் பேச வருகிறவர்கள் வாசலுக்கு வரமுதலே அது போய் அவர்களுக்கு முன்னால் குந்தியிருக்கும். மாமி குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது என் கண்ணுக்குள் நிற்கிறது. அந்தக் கதவடியில் நான் நிற்கிறேனா என்று பார்க்கிறேன். பயம் என்று முதலில் சொன்னேனே, இதுவும்தான்.

6.

முடிவுகள்.

ஒன்று. நான் வாய் திறக்கவில்லை. எஞ்சின் ஓடுகிறது, தோல் சூடேறி எண்ணெய் காய்ந்துவிடுகிறது, தகடு தந்தி மாதிரி நிற்கிறது, எல்லோரும் கைதட்டுகிறார்கள். இந்த முடிவை எழுதிவிட்டுப் படுத்துப் பார்த்தேன். நித்திரை வரவில்லை.

இரண்டு. நான் வாய் திறக்கவில்லை. மெசினை நிறுத்த நீக்கிலாப்பிள்ளை பெல்ட்டைத் தள்ளுகிறார். கத்திகள் நிற்கின்றன. அண்ணை பிடியை இறுக்குகிறார், இன்னும் இறுக்குகிறார், சுருள் சுற்றுகிறது, தகடு எழும்பி அண்ணையின்

(இதற்குமேல் எழுதமாட்டேன்.)

மூன்று. மாமி தானே முன்னுக்கு வந்து சொல்கிறார். நல்ல கதைகளில் இப்படித்தான் முடியும், வாசிக்கிறவர்கள் அழுவார்கள். அண்ணை தப்புவார், மெசின் தப்பும். சாயந்தரம் மாமி தன் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கம் போவார் என்று அந்தக் கதைகள் சொல்வதில்லை.

நான்கு. முதல் வரி.

7.

கிணற்றடியில் துலாச் சத்தம் கேட்கிறது. ஐயா தோய எழும்பிவிட்டார். அண்ணை இருமுகிறார். குசினிக்குள் மாமி அடுப்பு மூட்டுகிறார், புகை வருகிறது. இனி எழுதுவதற்கு நேரம் இல்லை.

நாலாவதைத்தான் எடுத்திருக்கிறேன். ஆனால் அது முடிவு இல்லை. என்னுடைய பங்கு ஒரு வசனம் மட்டும். அதற்குப் பிறகு ஐயா என்னைப் பார்ப்பார், அம்மா என்னைப் பார்ப்பார், நல்லம்மாக்கா மூக்கில் விரல் வைப்பார். நீக்கிலாப்பிள்ளை சாக்கின் முடிச்சைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். அவர் “உனக்குத் தெரியுமே தங்கச்சி!” என்று கத்தினால், ‘அப்ப ஆர் பூசினது?’ என்ற கேள்வி வரும். எல்லாத் தலையும் குசினிப் பக்கம் திரும்பும். அவர் கத்தாமல் விட்டால், அந்தச் சொல் என்னோடு வரும்.

கத்துவாரா, விடுவாரா என்று எனக்குத் தெரியாது. கத்தாமல் அவர் பேசி நான் கேட்டதில்லை. அவருடைய வசனத்தை நான் எழுதினால் அது என் விருப்பமாகத்தான் இருக்கும், ஆகவே எழுதவில்லை. இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் அந்த வாசலில் நின்றால் என்ன சொல்வீர்களோ அதை எழுதுங்கள். எழுதமுதல் ஒருக்காக் குசினிப் பக்கம் பாருங்கள்.

திறப்புச் சத்தம் கேட்கிறது.

“ஐயா, பூட்டைத் திறக்க முதல் நில்லுங்கோ. பிறேக் தோலிலை நல்லெண்ணெய் பூசினது நான்தான்.”

நீக்கிலாப்பிள்ளை சொன்னார்: “